சூடானால் அடங்கிவிடும்

நவம்பர் 4

இந்த டைரியைக் கொடுத்தவள் என் மனைவி தமயந்தி. வருடம் முடியப்போகிற நேரத்தில் டைரி எதற்கு என்று கேட்டேன். "எங்கிட்டப் பொலம்பறத இதுகிட்டப் பொலம்புங்க. என்ற காதும் கொஞ்சம் ஓயட்டும்" என்றாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்சூரன்ஸ்காரர் யாரோ கொடுத்துவிட்டுப் போனதாம். சும்மா கிடப்பானேன் என்று ஆரம்பிக்கிறேன்.

பெயர் குழந்தைவேலு. மேட்டுப்பாளையத்தில் பைக் சாமான் கடை. ஹெல்மெட், சீட் கவர், ஹாரன், பக்கக் கண்ணாடி. பிள்ளைகள் இல்லை. தமயந்தி அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஜூன் மாதம் அவளைக் கோத்தகிரிக்கும் மேலே ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் மலை ஏறி மாலையில் இறங்குகிறாள், தன் பைக்கில். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி. காலேஜ் படிக்கும்போதே அண்ணனுடைய வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டிப் பழகியவள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். இதை அவளிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஜூனிலிருந்து வீட்டில் ஒரே சண்டைதான். அவளுடைய தலைமை ஆசிரியை ஸ்டெல்லா, மேலே தன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கிக்கொள் என்கிறார். பெருந்துறையில் இருக்கும் அவள் அண்ணன் சதாசிவமும் போனில் அதையே ஓதுகிறார்: "மாப்ள, மழைக்காலம் முடியறவரைக்குமாச்சும் அவள மேலயே தங்க உடுங்க." எனக்கு இது சரிப்படாது. வாரத்தில் ஐந்து நாள் தனியாக உட்கார்ந்து நானே சோறாக்கித் தின்பதற்கா கல்யாணம் செய்துகொண்டேன்? பேச ஆள் இல்லாத வீடு எனக்கு ஆகாது. 

இன்று அதற்கு ஒரு வழி பெட்டியில் வந்து இறங்கியது. டயர் காற்றைக் காட்டும் சென்சார். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் இந்தக் கறுப்பு மூடியைத் திருகினால் போதும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டிஸ்ப்ளே. இரண்டு டயரிலும் எவ்வளவு காற்று என்று எண் காட்டும். குறைந்தால் கத்தும்.

கம்பெனிப் பையன் பிரசன்னா சரக்கை இறக்கிவிட்டுப் போகும்போது ஒன்று சொன்னான். "அண்ணா, மூடி கொஞ்சம் கனமா இருக்கும். ரப்பர் வால்வு மேல நேரா மாட்டாதீங்க, ஆடி ஆடி வால்வு வெடிப்பு உட்ரும். டயரக் கழட்டி இரும்பு வால்வு போட்டுட்டு மாட்டுங்க." தலையாட்டினேன். டயரைக் கழற்றுவது யார் வேலை? அஞ்சு நிமிசத்துல மாட்டிக் குடுங்கண்ணா என்று நிற்பவனை அரை நாள் உட்கார வைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். ரப்பர் வால்விலும் மூடி நன்றாகத்தான் திருகிக்கொள்கிறது.

முதல் செட் தமயந்தி வண்டிக்கு. மாட்டிவிட்டுச் சொன்னேன்: "இனி டயர்ல ஒரு துளி காத்து கொறஞ்சாலும் இதே சொல்லிரும். மேல ரூமு எதுக்கு?"

அவள் டிஸ்ப்ளேயைக் குனிந்து பார்த்தாள். "இது கத்துமாங்க?"

"காத்து கொறஞ்சாத்தான்."

"நீங்க கத்தறதவிடக் கம்மியாக் கத்துனாச் செரி" என்றாள். அறைப் பேச்சு அத்தோடு நின்றது. எனக்கு நிம்மதி.

நவம்பர் 7

ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "உங்க சாமான் இன்னிக்கிக் கத்துச்சுங்க." பின் டயர். காலையில் வாசலில் வண்டியைக் கிளப்பும்போதே கத்தியதாம். மலையடிவாரம் தாண்டி இரண்டாவது வளைவில் தானாக நின்றுவிட்டதாம்.

காற்று அளக்கும் கேஜை எடுத்து அப்போதே அளந்தேன். காற்று கச்சிதமாக இருந்தது. மாலையில் வண்டி வந்து நின்றதும் அளப்பதுதான் என் வழக்கம், கடை வைத்த நாளிலிருந்து எல்லா வண்டியையும் அப்படித்தான் அளக்கிறேன்.

"குளுருல காத்து சுருங்குது. ஓட ஓட டயரு சூடாகி விரியுது. அதான் கத்திட்டு அடங்கிருச்சு" என்றேன்.

"இத நான் எட்டாவதுக்கு நடத்தறனுங்க. அப்ப, சூடா இருக்கறப்ப அளந்தா அதிகமாத்தானுங்க காட்டும்? காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னால அளக்கோணுமல்ல?"

அவள் கிளம்பும் நேரத்துக்கு நான் எழுந்திருப்பதே இல்லை. கடைக்காரனுக்கே பாடம் எடுக்காதே தாயே என்றேன். சிரித்துக்கொண்டே காபி போடப் போனாள்.

நவம்பர் 13

சென்சார் நன்றாகப் போகிறது. மலைக்குப் போய்வருகிற ஆட்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். கூரியர் ஹக்கீம் ஒன்று. கோத்தகிரிப் பக்கம் காய்கறி வாங்கி அனுப்பும் பெள்ளிராஜ் தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. கடை வாசலில் உட்கார வைத்து ஐந்து நிமிடத்தில் மாட்டி அனுப்புகிறேன்.

வாங்கிய நாலாம் நாள் எல்லாரும் திரும்பி வருகிறார்கள். ஒரே புகார். "அண்ணா, காலைல கத்துதுங்க." எனக்கு இப்போது பதில் மனப்பாடம். "குளுருக்குக் கத்தும். ஓட்டிட்டே போங்க. சூடானா அடங்கிரும்." மாலையில் வந்தால் கேஜை வைத்துக் காட்டுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சந்தோஷமாகப் போகிறார்கள். ஹக்கீம் இதைப் பாட்டாகவே பாடிக் காட்டினான்.

பக்கத்துக் கடைக்காரன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. வெடிக்கட்டும்.

நவம்பர் 17

ஞாயிறு. கேஸ் சிலிண்டர் மாற்றினேன். தமயந்தி வண்டிக்குக் காற்று அடித்தேன். மத்தியானம் கோழிக் குழம்பு. நல்ல தூக்கம்.

நவம்பர் 21

நேற்று மழை. மலையில் எங்கோ மண் சரிந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஐந்தரைக்கு வரவேண்டியவள் வந்து சேரும்போது எட்டு ஆகிவிட்டது. முழங்கால் வரை சேறு. போனில் சிக்னல் இல்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்துபோனது. அவளைப் பார்த்ததும் அழுகை வருவதற்குப் பதில் கோபம் வந்துவிட்டது. ஒரு போன் பண்ணத் தெரியாதா என்று கத்தினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "ஏனுங்க, திங்கக்கெழமைல இருந்து ஸ்டெல்லா டீச்சர் ஊட்டுல தங்கிக்கறேன். மழை நிக்கற வரைக்குந்தான். சனி, ஞாயிறு இங்க வந்து மாவாட்டி, கொழம்பு வெச்சுட்டுப் போறேன்."

"அப்ப அந்தச் சென்சார எதுக்கு மாட்டுனேன்?"

"அது டயருக்குத்தானுங்க. மழைக்கா?"

நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். பசித்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. காலையில் அவள் எப்போதும்போலக் கிளம்பும்போது, படியில் நின்று, "ரூமு வேண்டாம்னு டீச்சர்கிட்டச் சொல்லிர்றேன். போதுமா?" என்றாள். போதும் என்றேன். ஜெயித்த மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, கொஞ்சம் வாய் கசக்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 29

பெள்ளிராஜ் சண்டைக்கு வந்தார். சென்சார் கத்திக்கொண்டே இருக்கிறதே என்று பஞ்சர் கடைக்குப் போயிருக்கிறார். பஞ்சர்காரர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். ஒரு குமிழிகூட வரவில்லையாம்.

"டயர்ல ஓட்டையே இல்ல. ஆனா வாரத்துக்கு ரெண்டு தரம் காத்து அடிக்கறேன். இதுக்கு என்ன சொல்றீங்க?"

"ஓட்டை இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் என்னங்க? குளுருதான்" என்றேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்று டீ குடித்துவிட்டுப் போனார். சந்தேகப் பிராணி. பஞ்சர்காரன் தொட்டியை வைத்துப் பார்த்தே ஒன்றும் இல்லை என்றால் இந்த மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்?

டிசம்பர் 3

இட்லி மாவு புளித்துவிட்டது. எனக்கு அசிடிட்டி.

தமயந்தி சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்: "மொதல்ல ரெண்டாவது வளைவுல அடங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அஞ்சாவது, ஆறாவது போனாத்தான் அடங்குதுங்க." மார்கழி வருகிறதே, குளிர் ஏறத்தானே செய்யும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். தப்பாகக் கணக்குப் போட்ட பையனை அப்படித்தான் பார்ப்பாள். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இந்த வாரம் அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் கட்ட வேண்டும், அந்த நினைப்பிலேயே இருந்தாள்.

மாலையில் அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கம்மி. கொஞ்சம்தான்.

டிசம்பர் 8

ஞாயிறு. காற்று அடித்தேன். அவள் நாள் முழுக்க வெற்று விடைத்தாள்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பேசவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 11

கடையில் ஈ காக்கை இல்லை. வெளியே சிணுங்கிக்கொண்டே மழை. அதனால் காலையிலேயே எழுதுகிறேன்.

நல்ல தூக்கத்தில் எழுப்பிவிட்டாள். கீழே வண்டி நின்றபடி கத்துகிறது. மாடிக்குக் கேட்கும்படி, "ஏனுங்க, இன்னிக்கு ரொம்பக் கத்துது. எறங்கி வந்து ஒருக்கா பாருங்க" என்று கூப்பிட்டாள். இன்று அவளுக்குத் தேர்வு நாள், வினாத்தாளோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கோ தலைவலி. படுத்தபடியே சொன்னேன், "சூடானா அடங்கிரும், நீ போ." கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள் போலிருக்கிறது. அப்புறம் "செரிங்க" என்றாள். வண்டி போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் படுத்தும் தூக்கம் வரவில்லை. நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டாளே என்று எரிச்சல்.

எலுமிச்சைச் சாதம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சைட் டிஷ் ஒன்றுமில்லை. அப்பளம் பொரிக்க வேண்டும்.

டிசம்பர் 14

கோவை ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

பதினொன்றாம் தேதி காலை, ஏழாவது வளைவில் தமயந்தி விழுந்துவிட்டாள். மேலேயிருந்து இறங்கிய காய்கறி வேனுக்குக் குறுக்கே போய் விழுந்திருக்கிறாள். இடது கால் வேனின் சக்கரத்துக்கு அடியில். தலையில் ஹெல்மெட் இருந்ததால் உயிர் இருக்கிறது என்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

மழைதான் காரணம். பாறையோரம் தண்ணீர் வழிந்து சாலையில் பாசி பிடித்திருக்கும். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். சதாசிவம் மச்சான் வந்துவிட்டார். ஸ்டெல்லா டீச்சர் வந்துவிட்டுப் போனார். இருவரிடமும் மழை என்றேன். மச்சான் சுவரில் சாய்ந்து நின்றார். அறை விஷயத்தைக் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 16

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன்.

டிசம்பர் 18

கண் விழித்தாள். தொண்டைக் குழாயை எடுத்த பிறகு முதலில் தண்ணீர் கேட்டாள். ஒரு ஸ்பூன்தான் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தேன். காலைப் பற்றி நர்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. போர்வையின் தட்டையான இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, உடைந்த குரலில், "நீங்க சொன்னது செரிதானுங்க" என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"சூடானா அடங்கிரும்னு. வழி நெடுகக் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. எறங்கிப் பாக்கலாமான்னு நெனச்சேன். பரீட்சைக்கு நேரமாச்சு. ஏழாவது வளைவுக்குள்ள போறப்ப டக்குனு அடங்கிருச்சு. செரி, சூடாயிருச்சுன்னு வண்டியச் சாச்சுத் திருப்புனேன். அப்பறம் என்னாச்சுன்னே தெரியல. பின்னால தரையே இல்லாத மாதிரி போயிருச்சுங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மழை, பாசி என்றேன். "இருக்கும்" என்றாள். "நானும் கொஞ்சம் வெரசாத் திருப்பிட்டனாட்ட இருக்குது."

வெளியே வந்து கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 20

வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் போலீசார் கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்தது. பெட்ரோல் டாங்க் நசுங்கி, ஹேண்டில்பார் ஒரு பக்கம் மடங்கி.

குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன். மூடி இல்லை. மூடி மட்டுமல்ல, வால்வே இல்லை. அடியோடு பிய்ந்து போயிருந்தது. ரிம்மில் ரப்பர் அடிக்கட்டை மட்டும், பல் விழுந்த ஈறுபோல. ஓரத்தில் பழைய வெடிப்பு கறுப்பாக இருந்தது, நடுவில் மட்டும் புதிதாகக் கிழிந்த நிறம். விழுந்து பிய்ந்ததாக இருக்கலாமே என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்புறம் முன் சக்கரத்துக்குப் போனேன். அது முழுசாக இருந்தது, கறுப்பு மூடியும் அப்படியே இருந்தது. மூடியைக் கழற்றி, வால்வைக் கட்டைவிரலால் லேசாகச் சாய்த்தேன். அடியில் வெடிப்பு வாயைத் திறந்தது. புஸ்ஸென்று காற்று வந்தது. விரலை எடுத்தால் நின்றுவிட்டது. மறுபடி சாய்த்தேன். மறுபடி வந்தது.

பெள்ளிராஜ் சொன்ன தண்ணீர்த் தொட்டி இப்போது புரிகிறது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கையால் மெல்லச் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தால் குமிழி எப்படி வரும்? வண்டி வேகமாக ஓடும்போது மூடியின் கனம் வால்வை இழுத்துச் சாய்க்கிறது. அப்போதுதான் வெடிப்பு திறக்கிறது. காற்றை வெளியே விட்டதும் அந்த மூடிதான், காற்று போகிறது என்று கத்தியதும் அந்த மூடிதான். அது பொய் சொல்லவே இல்லை. ஏழாவது வளைவில் அடங்கியது சூட்டினால் அல்ல. வால்வோடு பறந்து போனபின் கத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

வண்டிப் பையில் அவளுடைய டிபன் பாக்ஸ் இருந்தது. எலுமிச்சைச் சாதம் பூசணம் பிடித்து மெத்தென்று இருந்தது. அங்கேயே குழாயடியில் கழுவினேன்.

உள்ளே ரைட்டர் கேட்டார். "வண்டில ஏதாவது கோளாறு இருந்துச்சுங்களா?" இல்லீங்க என்றேன். ஈரத்தில் வேகமாகத் திருப்பியதால் சறுக்கி விழுந்தார் என்று எழுதி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 21

மச்சான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்டேசன்ல நீ வேகமாப் போனதா எழுதியிருக்காங்க கண்ணு" என்றார், தயங்கித் தயங்கி.

தமயந்தி மேலே ஃபேனைப் பார்த்தபடி, "அப்புடித்தான் இருக்கும்ணா. என்ற தப்புதான். வேன்காரர் மேல கேசெல்லாம் போட்றாதீங்க, பாவம்" என்றாள்.

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததைக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 23

மாட்டிக் கொடுத்த வண்டியெல்லாம் கண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. அத்தனையும் ரப்பர் வால்வு. அத்தனையும் மலை ஏறி இறங்குகிற வண்டி. ஆஸ்பத்திரி நடையில் நின்று போன் போட ஆரம்பித்தேன்.

ஹக்கீம் எடுத்தான். அந்த மூடியைக் கழற்றிப் போடு என்றேன். "ஏண்ணா?" கம்பெனியில் ஏதோ பிரச்சினை, திரும்பக் கேட்கிறார்கள் என்றேன். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லண்ணா. காலைல கத்தும், சூடானா அடங்கிரும்" என்று அதே ராகத்தில் பாடிவிட்டு, டெலிவரியில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

இன்னொருவர், காசு கொடுத்து வாங்கியதை எதற்குக் கழற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் பொங்கலுக்கு அப்புறம் கடைப் பக்கம் வருகிறேன் என்றார். பெள்ளிராஜ் சிரித்தார். "நான் சொன்னப்ப நீங்க கேக்கல. இப்ப நீங்க சொல்றீங்க, என்ற தம்பி கேக்க மாட்டேங்கறான். உங்க சம்சாரம் வண்டிலயும் அதுதான மாட்டியிருக்கீங்கன்னு கேக்கறான்." அவருக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஏன் கழற்ற வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? பதில் என் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஒருவர்கூடக் கழற்றுவதாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 24

மத்தியானம் தமயந்தி தூங்கிவிட்டாள் என்று நினைத்து, கட்டிலருகிலேயே உட்கார்ந்து மறுபடி ஹக்கீமுக்குப் போட்டேன். இன்று கொஞ்சம் விவரமாகச் சொல்லித்தான் பார்ப்போம் என்று, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த மூடி கனத்துக்கு ரப்பர் வால்வு வெடிச்சுப் பிஞ்சுரும்டா. கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"எந்த வண்டிலண்ணா பாத்தீங்க?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். "சும்மா பயமுறுத்தாதீங்கண்ணா. சூடானா அடங்கிரும்னு நீங்கதான சொன்னீங்க" என்றான். அவன் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டிருக்கும்.

என் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. தமயந்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"ஹக்கீம் தம்பிங்களா? நான் தமயந்தி பேசறேன். அவரு சம்சாரம்." குரல் இன்னும் சரியாகவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "என்ற வண்டிலதானுங்க பாத்திருக்காரு. அது அடங்குச்சு தம்பி. அடங்குனதுக்கு அப்பறந்தான் உழுந்தேன். எனக்கு ஒரு கால் போயிருச்சு. வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்களோ அங்கயே வெச்சு வால்வ மாத்திட்டு எடுங்க."

"செரிக்கா" என்றான்.

அடுத்த நம்பர் போடுங்க என்றாள். போட்டேன். அதே சொற்கள். அடுத்தது. நர்ஸ் வந்து, பேசக்கூடாது, ஓய்வெடுக்க வேண்டும் என்றார். "கொஞ்சப் பேருதான் சிஸ்டர்" என்று கும்பிட்டாள். பெள்ளிராஜ் போனிலேயே அழுதுவிட்டார். தம்பி மேலே போயிருக்கிறான், வேனை அனுப்பி வண்டியை ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறேன் என்றார். இடையில் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். நான் நம்பர் போட்டுக் கொடுப்பதும், அவள் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுமாகச் சாயங்காலம் ஆகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று ஒவ்வொரு அழைப்பு முடியும்போதும் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

எல்லாரும் முடிந்துவிட்டார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"இன்னும் ஒரு நம்பர் இருக்குதுங்க" என்றாள். "எங்கண்ணனுக்குப் போடுங்க. இங்கிருந்து உட்டதும் நான் பெருந்துறைக்குப் போயிர்றேன்."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

கையை நீட்டியபடியே இருந்தாள். நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.